திறந்த விண்மீன் கொத்துகளைப் படமெடுக்க எந்தத் தொலைநோக்கி?

நெபுலாவையும் கேலக்ஸியையும் படமெடுத்துப் பழகியவர்களிடம் திறந்த விண்மீன் கொத்துகளை, அதாவது தளர்வாகச் சேர்ந்து நிற்கும் விண்மீன் கூட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் கைப்பழக்கத்துக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். நிலா காயும் இரவுகளில், வேறு எதுவும் எடுக்க முடியாதபோது எடுக்க ஒதுக்கி வைத்த பொருள் அது. இந்த அலட்சியத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கொத்துகள் பிரகாசமானவை. நகர வெளிச்சத்தையும் நிலவையும் ஓரளவு தாங்கும். மணிக்கணக்கில் ஒளி சேர்க்க வேண்டியதில்லை.

மீதிப் பாதியில்தான் சிக்கல். நெபுலாப் படத்தில் பார்ப்பவர் கண் முகிலின் மேல் இருக்கும். விண்மீன் கொஞ்சம் முட்டை வடிவமாக நீண்டிருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. கொத்துப் படத்தில் விண்மீனைத் தவிர வேறொன்றும் கிடையாது. குவியம் மயிரிழை தப்பினாலும், மூலை விண்மீன்களுக்கு வால் முளைத்தாலும், நீல விண்மீனைச் சுற்றி ஊதா வளையம் படிந்தாலும், ஒளிந்துகொள்ள இடமில்லை.

அதனால்தான் "பெரிய விட்டம் வாங்கு, வேகமான எஃப் எண் வாங்கு" என்ற வழக்கமான அறிவுரை கொத்துகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை (எஃப் எண் என்பது குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது; சிறியதாக இருந்தால் வேகம்). எவ்வளவு மங்கலான விண்மீன் வரை பதிவானது என்பதைவிட, பதிவான விண்மீன் உருண்டையாகவும் நிறத்தோடும் இருக்கிறதா, அதைச் சுற்றிப் போதிய வெறும் வானம் இருக்கிறதா என்பதே கொத்துப் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்து, சிறிய லென்ஸ் தொலைநோக்கி, நியூட்டன் வகை ஆடித் தொலைநோக்கி, ஆடிகளோடு முகப்பில் ஒரு திருத்தக் கண்ணாடியும் சேர்ந்த எட்டு அங்குல ஷ்மிட்-காசிகிரேன், வெறும் கேமரா லென்ஸ், அண்மையில் பரவியிருக்கும் ஸ்மார்ட் தொலைநோக்கி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் சாய்வு முதல் வகையின் பக்கம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வானத்தை அளந்துகொள்வோம்

ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 30 கலை. இந்தக் கணக்கில் எம்45 எனப்படும் கார்த்திகைக் கூட்டம் சுமார் 110 கலை அகலம் (எம் என்பது மெஸ்ஸியே பட்டியலின் எண், என்ஜிசி என்பது இன்னொரு வான்பொருள் பட்டியலின் எண்). பூச நட்சத்திரக் கூட்டமான எம்44 சுமார் 95 கலை. விருச்சிகத்தின் வாலருகே இருக்கும் எம்7 சுமார் 80 கலை. பெர்சியஸில் இரட்டைக் கொத்தாகத் தெரியும் என்ஜிசி 869, என்ஜிசி 884 ஆகியவை தனித்தனியே 30 கலை. இரண்டும் சேர்ந்து ஒரு பாகை. மிதுனத்தின் எம்35 சுமார் 28 கலை, ஆரைகாவின் எம்37 சுமார் 24, ஸ்கூட்டத்தின் எம்11 சுமார் 14, தென்சிலுவையின் நகைப்பெட்டிக் கொத்து சுமார் 10. எம்35க்குப் பக்கத்திலேயே பதுங்கியிருக்கும் என்ஜிசி 2158 வெறும் 5 கலை. மறுகோடியில், ரோகிணியைச் சுற்றிப் பரந்து கிடக்கும் ஹயாடெஸ் 5 பாகைக்கும் மேல். ரோகிணியே அந்தக் கொத்தைச் சேர்ந்ததல்ல என்பது வேறு கதை: அது சுமார் 65 ஒளியாண்டு தொலைவில், கொத்துக்கும் நமக்கும் நடுவில் நிற்கிறது, கொத்து இருப்பது சுமார் 150 ஒளியாண்டில்.

ஆக, மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் அறுபது மடங்கு வித்தியாசம். எந்த ஒரு குழாயும் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கருவியைத் தேடும் முன் எந்தக் கொத்துகள் வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்வது நல்லது.

படச் சட்டத்துக்குள் எவ்வளவு வானம் விழும் என்பதைச் சொல்ல ஒரு எளிய கணக்கு உண்டு. சென்சாரின் நீளத்தைத் தொலைநோக்கியின் குவியத் தூரத்தால் வகுத்து 57.3ஆல் பெருக்கினால் பாகை கிடைக்கும். 23.5 × 15.6 மி.மீ. அளவுள்ள ஏபிஎஸ்-சி சென்சாரை வைத்துப் பார்த்தால், 135 மி.மீ. லென்ஸில் 10 × 6.6 பாகை, 430 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியில் 3.1 × 2.1 பாகை, 750 மி.மீ. நியூட்டனில் 1.8 × 1.2 பாகை, 2032 மி.மீ. ஷ்மிட்-காசிகிரேனில் 40 × 26 கலை.

இங்கே பலர் ஒரு முடிவுக்குத் தாவுவார்கள்: கொத்து சட்டத்தை நிரப்பினால் போதும் என்று. போதாது. திறந்த கொத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. கோளக் கொத்தைப் போல் நடுவில் அடர்ந்து ஓரத்தில் தேயும் வடிவமும் பல கொத்துகளுக்கு இல்லை. சுற்றுப்புறத்தைவிட இங்கே விண்மீன்கள் நெருக்கமாக இருக்கின்றன என்பது மட்டுமே அதன் அடையாளம். சுற்றுப்புறத்தை வெட்டிவிட்டால் அடையாளமும் போய்விடும். கூட்டத்தின் நடுவே நின்று படமெடுத்தால் முகங்கள் தெரியும், கூட்டம் தெரியாது. சட்டத்தின் குறுகிய பக்கம் கொத்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். மூன்று மடங்கு இருந்தால் இன்னும் நல்லது.

இந்த விதியை மேலே உள்ள எண்களில் பொருத்திப் பாருங்கள். 430 மி.மீ. குழாய்க்கு 40 முதல் 60 கலை வரையுள்ள கொத்துகள் கச்சிதம். 25 கலைக் கொத்தையும் சட்டத்தை வெட்டிச் சுருக்கிக் காட்டலாம். 750 மி.மீ. குழாய்க்கு 24 முதல் 36 கலை. 2032 மி.மீ. குழாய்க்கு 13 கலைக்குக் கீழே. அமெச்சூர்கள் விரும்பி எடுக்கும் கொத்துகளில் பெரும்பாலானவை 15க்கும் 40க்கும் இடைப்பட்டவை. அதாவது உண்மையான போட்டி 400 முதல் 800 மி.மீ. வரையுள்ள குழாய்களுக்கு நடுவேதான்.

லென்ஸா, ஆடியா?

70 அல்லது 80 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ் தொலைநோக்கியின் பெரிய பலம், அது எதையும் கேட்காது என்பது. ஒளி அச்சைத் திருத்த வேண்டியதில்லை. வெளியே வைத்துக் கொஞ்ச நேரத்தில் குளிர்ந்துவிடும். குழாய் குட்டை, ஆகவே காற்றுக்கு அசையாது. விண்மீன் சுத்தமான புள்ளியாக விழும். ஆனால் ஒரு நிபந்தனை: சாதாரண இரட்டை லென்ஸ், அதாவது அக்ரோமாட், கொத்துகளுக்கு ஆகாது. இளம் கொத்துகளின் பிரகாசமான விண்மீன்கள் பெரும்பாலும் சூடான நீல விண்மீன்கள். அக்ரோமாட் தவறவிடுவதும் அதே நீலத்தையும் ஊதாவையும்தான். அப்படி ஒரு குழாயில் எடுத்த கார்த்திகைப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துத் திறந்து பாருங்கள். பச்சையில் சின்னப் புள்ளியாக இருக்கும் அதே விண்மீன் நீலத்தில் உப்பி, ஓரம் கரைந்து, இரண்டு மடங்கு தடித்திருக்கும். மூன்றையும் சேர்க்கும்போது அந்த உபரிதான் ஊதா வளையமாக நிற்கிறது. கேலக்ஸிப் படத்தில் இதை மறைத்துவிடலாம். கார்த்திகையில் மறைக்க முடியாது. ஆகவே நிறப்பிழையைக் குறைக்கும் ஈடி கண்ணாடி உள்ள இரட்டை லென்ஸ் குறைந்தபட்சத் தேவை. மூன்று லென்ஸ் வகை கிடைத்தால் நல்லது. கூடவே, குவியத் தளத்தைச் சமன்படுத்தும் ஃபீல்டு ஃபிளாட்னர் ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் நடுவில் புள்ளியாக இருப்பவை மூலையில் கோடுகளாகும். குழாயின் விலையை மட்டும் பார்த்துவிட்டு ஃபிளாட்னரைக் கணக்கில் சேர்க்காமல் ஒப்பிடுவது இந்தத் துறையில் சகஜம்.

விட்டம் சிறியது என்பது குறைதான், ஆனால் நினைக்கும் அளவுக்குப் பெரிய குறை அல்ல. 75 மி.மீ. லென்ஸ் நெருங்கிய இரு விண்மீன்களைப் பிரித்துக் காட்டும் எல்லை சுமார் 1.5 விகலை. பெரும்பாலான இரவுகளில் வளிமண்டலம் விண்மீனை 2, 3 விகலைக்குக் கலக்கிவிடுகிறது. காற்று விதிக்கும் எல்லையைவிட லென்ஸின் எல்லை கூர்மையாகவே இருக்கிறது. இழப்பது ஒளியின் அளவை: 150 மி.மீ. ஆடி நான்கு மடங்கு ஒளி சேர்க்கும், அதாவது ஒன்றரை ஒளித்தரம் மங்கலான விண்மீன்கள் வரை அதே நேரத்தில் போகும் (ஒளித்தரம் என்பது பிரகாசத்தின் அளவு; எண் கூடக் கூட விண்மீன் மங்கல்).

அந்த ஒன்றரை ஒளித்தரத்துக்காக நியூட்டனுக்குப் போகலாமா? 150 மி.மீ. விட்டம், எஃப்/5, 750 மி.மீ. குவியத் தூரம்: கொத்துகளுக்கு இதைவிடப் பொருத்தமான எண்கள் இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆடியில் நிறப்பிழையே கிடையாது. நீல விண்மீன் நீலமாகவும், சிவப்பு சிவப்பாகவும், ஒரே அளவில் விழும். விட்டத்துக்கு விட்டம் பார்த்தால் விலையும் குறைவு. எம்11 போன்ற அடர்ந்த கொத்தில் பின்னணியில் மங்கலாகக் கிடக்கும் நூற்றுக்கணக்கான விண்மீன்கள் எழுந்து வருவதைப் பார்க்கும்போது, சிறிய லென்ஸ் குழாயின் மேல் எனக்குள்ள பற்று கொஞ்சம் ஆட்டம் காணும்.

பிறகு அதன் கோரிக்கைகள் ஒவ்வொன்றாக வரும். எஃப்/5 பரவளைய ஆடியில் நடுவைவிட்டு நகர்ந்தவுடன் விண்மீன்களுக்கு வால்வெள்ளியைப் போல வால் முளைக்கும். அந்த வாலைத் திருத்தும் கோமா கரெக்டர் இல்லாமல் கொத்துப் படம் எடுப்பதில் பொருளில்லை. ஆடிகளின் அச்சை ஒவ்வொரு இரவும் சரிபார்க்க வேண்டும். கேமராவின் எடையில், குவியத்தைச் சரிசெய்யும் ஃபோக்கசர் துளி சாய்ந்தாலும் ஒரு பக்க விண்மீன்கள் மட்டும் நீளும். கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த பல நியூட்டன்களில் கேமராவைப் பொருத்தினால் குவியமே கிடைக்காது. குவியத் தளம் ஃபோக்கசருக்குள்ளேயே நின்றுவிடும். படமெடுப்பதற்கென்று முதன்மை ஆடியை முன்னுக்குத் தள்ளி அமைத்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகு தெரிந்துகொண்டால் குழாயை அறுப்பதுதான் வழி.

நியூட்டனின் கதிர் முட்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் ஆடியைத் தாங்கும் நான்கு தகடுகளில் ஒளி விளிம்பு விலகி, பிரகாசமான விண்மீன் ஒவ்வொன்றிலும் நான்கு முட்கள் நீளும். தகடுகள் மூன்றாக இருந்தால் முட்கள் ஆறு. சிலருக்கு இதுதான் அழகு. லென்ஸ் குழாயின் முகப்பில் நூலைக் குறுக்காகக் கட்டி இதை வரவழைப்பவர்களும் உண்டு. எனக்கு அது நடிப்பாகத் தோன்றுகிறது. ஆனால் நியூட்டனிலிருந்து இயல்பாக வரும் முட்களுக்கு நான் எதிரி அல்ல. பிரகாசமான விண்மீன்கள் சிதறிக் கிடக்கும் கொத்தில் அவை கம்பீரமாகவே இருக்கும். தகடுகள் நேர்க்கோட்டில் இல்லாமல் ஒவ்வொரு முள்ளும் இரண்டாகப் பிளந்து நிற்கும்போதுதான் எரிச்சல்.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், குழாயைச் சீராக்குவதில் இன்பம் காண்பவர் நியூட்டனுக்குப் போகட்டும். இருட்டில் ஒரு மணி நேரமே கையில் இருக்கிறது, அந்த நேரத்தில் படம்தான் வேண்டும் என்பவருக்கு ஈடி லென்ஸ் குழாய். இரண்டாவது ரகத்தினர்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

எட்டு அங்குலமும் எளிய வழிகளும்

ஷ்மிட்-காசிகிரேனைக் கொத்துகளுக்கென்று புதிதாக வாங்குவதற்குக் காரணம் கண்டுபிடிப்பது கடினம். 2032 மி.மீ. குவியத் தூரத்தில், 3.76 மைக்ரான் பிக்சலுக்கு 0.38 விகலை விழும். வளிமண்டலம் 3 விகலைக்குக் கலக்கிய விண்மீன் எட்டு பிக்சலில் பரந்து, மாவுருண்டையாகக் கிடக்கும். குழாயைத் தாங்கி விண்மீன்களோடு சேர்த்துத் திருப்பும் மவுண்டின் சின்னத் தடுமாற்றமும் பெரிதாகித் தெரியும். குவியத் தூரத்தைச் சுருக்கும் 0.63 குறைப்பானைப் போட்டால் குவியத் தூரம் 1280 மி.மீ. ஆகி, சட்டம் 63 × 42 கலைக்கு விரியும். அப்போதுதான் இது ஒப்பீட்டுக்கே வருகிறது.

ஆனால் இதற்கென்று சில கொத்துகள் இருக்கின்றன, அவற்றில் இதை அடிக்க ஆளில்லை. எம்35ஐயும் என்ஜிசி 2158ஐயும் ஒரே சட்டத்தில் 430 மி.மீ. குழாயில் எடுத்தால் எம்35 அருமையாக வரும், அதன் ஓரத்தில் இருக்கும் என்ஜிசி 2158 மணல் தூவிய கறைபோல நிற்கும். காரணம் எளிது: அது எம்35ஐவிடப் பல மடங்கு தொலைவில் இருக்கிறது. எட்டு அங்குலத்தில் அந்தக் கறை உதிர்ந்து விண்மீன்களாகும். வானியலாளர் கரோலின் ஹெர்ஷல் 1783இல் கண்டறிந்த, காசியோப்பியாவின் என்ஜிசி 7789ம் இதே ரகம்: ஏராளமான விண்மீன்கள், எல்லாம் மங்கல், எல்லாம் நெருக்கம். இங்கே விட்டம் பேசும்.

கேமரா லென்ஸைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகமில்லை. ஹயாடெஸ் வேண்டுமென்றால் 135 மி.மீ. லென்ஸைத் தவிர வேறு வழியும் இல்லை. கார்த்திகையையும் ஹயாடெஸையும் ஒரே சட்டத்தில் வைக்க அதைவிடவும் குட்டையான லென்ஸ் வேண்டும். கேமராவை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் சிறிய டிராக்கர் ஒன்று போதும். ஒரு நுட்பம் மட்டும் கவனிக்க வேண்டியது. 135 மி.மீ.இல் ஒரு பிக்சலுக்கு 5.7 விகலை, நல்ல லென்ஸில் விண்மீன் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். நிறக் கேமராவின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்றைத்தான் பார்க்கிறது. விண்மீன் பச்சைப் பிக்சலில் விழுந்தால் அதற்குப் பச்சை நிறம் கிடைத்துவிடும், வானத்தில் அப்படி ஒரு விண்மீன் இல்லாவிட்டாலும். படத்துக்குப் படம் சட்டத்தைச் சில பிக்சல்கள் நகர்த்தி எடுத்து, மென்பொருளில் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினால் இது சராசரியாகிச் சரியாகும். கூர்மை கூடிப்போய்த் தொல்லை தரும் அபூர்வமான இடம் இது.

ஸ்மார்ட் தொலைநோக்கிகளில் பரவலான ஸீஸ்டார் எஸ்50ஐ எடுத்துக்கொண்டால், 50 மி.மீ. விட்டம், 250 மி.மீ. குவியத் தூரம், ஏறத்தாழ 1.3 × 0.7 பாகைச் சட்டம். பத்து வினாடிப் படங்களாக எடுத்துத் தானே அடுக்கிக்கொள்ளும். மெஸ்ஸியே பட்டியலில் இருக்கும் 25க்கு மேற்பட்ட திறந்த கொத்துகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும் என்பவருக்கு இதைவிடச் சுகமான கருவி இல்லை. நடுத்தரக் கொத்துகள் நன்றாகவே வரும். கார்த்திகையும் பூசமும் ஒரு சட்டத்துக்குள் அடங்காது. பல சட்டங்களை ஒட்டித்தான் எடுக்க வேண்டும். நிறத்தையும் ஒளிப்பதிவு நேரத்தையும் உங்கள் விருப்பப்படி ஆள நினைத்தால் சீக்கிரமே கை கட்டப்பட்டதுபோல் இருக்கும்.

மவுண்ட்

குழாயைவிட மவுண்டில் கூடுதலாகச் செலவழியுங்கள் என்ற பழைய அறிவுரை இங்கேயும் செல்லும். வான நடுக்கோட்டருகே விண்மீன் வினாடிக்கு 15 விகலை நகர்கிறது. 430 மி.மீ. குழாயில் பிக்சலுக்கு 1.8 விகலை என்றால், பின்தொடராத கேமராவில் ஒரே வினாடியில் எட்டு பிக்சல் கோடு. எளிய மவுண்ட்களில் பற்சக்கரத்தின் ஏற்ற இறக்கம் ஒரு சுற்றில் 20, 30 விகலை வரை போகும். அந்தச் சுற்று பல நிமிடங்கள் எடுக்கும் என்பதால், 20 வினாடிப் படத்தில் அதன் ஒரு சிறு பகுதிதான் விழும். குட்டைக் குழாயின் மறைமுக லாபம் இதில்தான் இருக்கிறது. மவுண்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக அமைத்துவிட்டு, விண்மீனைக் கண்காணித்து மவுண்டைத் திருத்தும் வழிகாட்டிக் கேமரா இல்லாமலே, 20 முதல் 30 வினாடிப் படங்களாக எடுத்துத் தேறாதவற்றைக் கழித்துவிடலாம். 1280 மி.மீ.இல் இந்தச் சலுகை கிடையாது. வழிகாட்டிக் கேமராவும் கனமான மவுண்டும் அங்கே கட்டாயம். எட்டு அங்குலத்தின் விலையோடு அதையும் கூட்டிப் பாருங்கள்.

நிறம் எங்கே போகிறது?

கொத்துப் படங்களில் பத்துக்கு எட்டில் விண்மீன்கள் எல்லாம் வெள்ளையாக இருக்கும். ஆனால் வானத்தில் அவை வெள்ளை அல்ல. விருச்சிகத்தின் பட்டாம்பூச்சிக் கொத்தான எம்6இல் நீல விண்மீன்களுக்கு நடுவே பிஎம் ஸ்கார்ப்பி என்ற ஆரஞ்சு விண்மீன் ஒன்று தனித்து நிற்கிறது. இரட்டைக் கொத்தில் என்ஜிசி 884ஐச் சுற்றிச் சிவப்பு மீப்பெரு விண்மீன்கள் சிதறியிருக்கின்றன. எம்37இன் நடுவில் ஒரு செம்மஞ்சள் விண்மீன். சுமார் 400 கோடி ஆண்டு வயதான எம்67இல் நீலங்கள் பெரும்பாலும் முடிந்துபோய், மஞ்சளும் ஆரஞ்சுமான பெருவிண்மீன்கள் தலைதூக்கி நிற்கின்றன. கொத்தின் வயதையே நிறத்தில் வாசிக்கலாம். அது தொலைந்தால் படத்தில் மிச்சம் கரும்பலகையில் சுண்ணாம்புப் புள்ளிகள்தான்.

தொலைவதற்குக் காரணம் நிறைந்து வழிவது. ஒரு பிக்சலின் கொள்ளளவை விண்மீனின் ஒளி நிரப்பிவிட்டால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சத்தில் முட்டி ஒரே எண்ணைக் காட்டும். மூன்றும் சமம் என்றால் வெள்ளை. பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. கார்த்திகையின் ஆல்சியோன் ஒளித்தரம் 2.9; அதே கொத்தில் 14ஆம் ஒளித்தர விண்மீனையும் காட்ட நினைத்தால், இரண்டுக்கும் ஒளியில் 25,000 மடங்குக்கும் மேல் வித்தியாசம். இதை ஒரே ஒளிப்பதிவில் அடக்குவது பெரும்பாலான கேமராக்களுக்கு முடியாத காரியம்.

ஆகவே நீளமான சில படங்களா, குறுகிய பல படங்களா என்ற தேர்வில் கொத்துகளுக்கு விடை குறுகிய பல படங்கள்தான். மூன்று நிமிடப் படங்கள் இருபதைவிட அரை நிமிடப் படங்கள் நூற்றிருபது மேல். சேரும் மொத்த ஒளி ஒன்றே. வழியும் விண்மீன்கள் மிகக் குறைவு. அத்தோடு இரண்டு, மூன்று வினாடிப் படங்களாக இன்னொரு தொகுதி எடுத்து வைத்துக்கொண்டால், பிரகாசமான விண்மீன்களின் நடுப்பகுதியை அதிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். கேமராவின் ஐஎஸ்ஓவையோ கெயினையோ தாழ்வாக வைத்தால் பிக்சலின் கொள்ளளவு முழுமையாகப் பயன்படும். களத்திலேயே ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கி, நடுத்தர விண்மீன் ஒன்றின் மையத்தில் எண் உச்சத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் நேரத்தைக் குறையுங்கள். பிக்சல்களின் பிரகாசத்தை மலை வடிவில் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராம் இந்தத் தகவலைத் தராது. விண்மீன்கள் சட்டத்தின் பரப்பில் மிகச் சிறு பங்கு என்பதால் அவை அந்த மலையின் வலது ஓரத்தில் கண்ணுக்கே தெரியாது.

வானியலாளர் ராபர்ட் டிரம்ப்ளர் 1930இல் வகுத்த கொத்துகளின் வகைப்பாடு இந்த முடிவுக்கு நல்ல உதவி. கொத்துப் பட்டியல்களில் ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு ரோமன் எண், ஒரு சாதாரண எண், ஒரு எழுத்து இருக்கும். ரோமன் எண் கொத்து எவ்வளவு செறிந்து தனித்துத் தெரிகிறது என்பதைச் சொல்கிறது: ஒன்று என்றால் செறிவு அதிகம், நான்கு என்றால் சுற்றுப்புறத்தோடு கலந்துவிட்டது. நடுவில் வரும் எண் 3 என்றால் மிகப் பிரகாசமானவையும் மிக மங்கலானவையும் கலந்திருக்கின்றன; இரண்டு தொகுதிப் படங்கள் தேவை. 1 என்றால் எல்லாம் ஏறத்தாழ ஒரே பிரகாசம். ஒரு தொகுதி போதும். கடைசி எழுத்து எண்ணிக்கை: ஐம்பதுக்குக் கீழா, நூறு வரையா, நூறுக்கு மேலா என்று. ரோமன் நான்கு போட்ட கொத்தை நீண்ட குழாயில் எடுக்க முயல வேண்டாம்; சட்டத்தில் கொத்தே தென்படாது. இதே ஆய்வில்தான் டிரம்ப்ளர் தொலைவிலுள்ள கொத்துகள் இருக்க வேண்டியதைவிட மங்கலாக இருப்பதைக் கவனித்து, விண்மீன்களுக்கு இடையே ஒளியை உறிஞ்சும் தூசு பரவியிருக்கிறது என்று நிறுவினார்.

எஃப் எண்ணைப் பற்றிய பயமும் இங்கே தேவையில்லை. நெபுலா பரந்த ஒளி. அது பிக்சலில் எவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்பதை எஃப் எண் தீர்மானிக்கிறது. விண்மீன் புள்ளி ஒளி. அதற்குக் கணக்கு விட்டம்தான். எஃப்/4 குழாய் வான வெளிச்சத்தையும் சேர்த்துச் சீக்கிரம் நிரப்பிவிடும். எஃப்/6, எஃப்/7 மெதுவான குழாய்கள் என்று நெபுலாக்காரர்கள் ஒதுக்குகிறார்களே, அவை கொத்துகளுக்கு நிதானமான, நல்ல குழாய்கள். விதிவிலக்கு கார்த்திகை. அதன் விண்மீன்களைச் சுற்றியுள்ள நீலத் தூசுமுகிலும் வேண்டுமென்றால் இருண்ட வானமும் பல மணி நேரமும் வேண்டும். அப்போது நீங்கள் எடுப்பது கொத்துப் படமல்ல, நெபுலாப் படம். அந்தத் துறையின் விதிகள் அங்கே செல்லும்.

எந்தக் கேமரா?

வீட்டில் இருக்கும் டிஎஸ்எல்ஆர். உண்மையாகவே அதுதான் என் விடை. சிவப்பு நெபுலாக்களுக்காக உள்வடிகட்டியை மாற்றிய கேமராவால் கொத்துகளுக்குப் பெரிதாக ஒரு நன்மையும் இல்லை. வடிகட்டியை முழுதாக நீக்கிய கேமராவாக இருந்தால், புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வடிகட்டி ஒன்றை முன்னால் போட வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் குழாயில் விண்மீன்கள் உப்பும். குளிரூட்டிய நிறக் கேமரா வசதியானது, இரைச்சல் குறைவு. ஆனால் அரை நிமிடப் படங்களில் அந்த வித்தியாசம் நெபுலாவில் தெரியும் அளவுக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளைக் கேமராவும் வடிகட்டிச் சக்கரமும் ஏற்கெனவே வைத்திருப்பவர், நிறம் பிரிக்காமல் வழக்கமாக எடுக்கும் ஒளிர்வுத் தொகுதியை விட்டுவிட்டுச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் மட்டும் எடுப்பது நல்லது. ஒளிர்வுத் தொகுதி விண்மீன்களின் நடுவை வெளுக்கத்தான் செய்யும்.

நகர வெளிச்சத்துக்கென்று விற்கும் வடிகட்டிகள் வேண்டாம். இரட்டைக் குறும்பட்டை வடிகட்டி நெபுலாவின் ஒளியைத் தவிர மற்றதையெல்லாம் வெட்டுகிறது. விண்மீனின் நிறம் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது. வடிகட்டி இல்லாமல் எடுத்து, பின்னணியில் படியும் வெளிச்சச் சரிவை மென்பொருளில் நீக்குங்கள். நிறம் காக்கும் விதத்தில் படத்தை வெளிச்சமாக்க ஆர்க்சைன்ஹெச் என்ற நீட்டல் முறை இருக்கிறது. இலவச மென்பொருளான சிரிலிலேயே உண்டு. நீண்டுபோன விண்மீன்களை உருண்டையாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் அவற்றை நம்பி மட்டமான குழாயைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். வடிவத்தை ஊகித்துத் திருத்தலாம், வழிந்து வெளுத்த நிறத்தை எதை வைத்து ஊகிப்பது?

யாருக்கு எது?

ஒன்றும் கையில் இல்லாமல் தொடங்குபவருக்கு: நல்ல மவுண்ட், 70 முதல் 80 மி.மீ. ஈடி லென்ஸ் குழாய், அதற்குரிய ஃபிளாட்னர், இருக்கும் டிஎஸ்எல்ஆர், குவியம் பார்க்கக் குழாயின் முகப்பில் மாட்டும் பாஹ்டினோவ் முகமூடி ஒன்று. கடைசியில் சொன்னது மிக மலிவானது, ஆனால் கொத்துகளுக்கு அதுபோல் உதவுவது வேறில்லை: விண்மீனைச் சுற்றி மூன்று கோடுகள் தெரியும், நடுக்கோடு மற்ற இரண்டும் வெட்டும் புள்ளியில் வந்து நின்றால் குவியம் சரி. இரவில் வெப்பம் இறங்க இறங்க குழாய் சுருங்கிக் குவியம் நகரும். மணிக்கொரு முறையாவது மீண்டும் பாருங்கள்.

நியூட்டன் ஏற்கெனவே இருந்தால் லென்ஸ் குழாய்க்கு ஓட வேண்டியதில்லை. புதுக் கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் கோமா கரெக்டரை வாங்குங்கள். அதன் பிறகு கேமராவின் குறை உங்கள் கண்ணில் படுகிறதா என்று பார்க்கலாம்.

எட்டு அங்குலம் இருந்தால் விற்றுவிடாதீர்கள். குறைப்பானைப் பொருத்தி, காற்று அமைதியாக இருக்கும் இரவாகப் பார்த்து, காசியோப்பியா உயர ஏறியபின் என்ஜிசி 7789இல் தொடங்குங்கள். சின்ன லென்ஸ் குழாய் வைத்திருக்கும் நண்பரை அன்றைக்குக் கூப்பிட வேண்டாம்.